சாம்பிள் பார்க்காமல் விலை சொல்வதற்கில்லை

தான் எழுதிய புத்தகத்துக்குத் தானே விலை வைத்துக்கொள்ளலாம் என்று கம்பத்துச் சுருளிராஜன் நாற்பத்தொரு வயதுவரை நம்பிக்கொண்டிருந்தான். பாவம், நல்ல மனுஷன். அப்படியெல்லாம் இல்லையப்பா என்று யாரும் அவனுக்கு எடுத்துச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அவன் எழுதியது கதையும் இல்லை, கவிதையும் இல்லை. நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொண்டு, ஒருத்தர் கதையை நடத்த, மற்றவர்கள் 'நான் இப்படிச் செய்வேன், அப்படிப் போவேன்' என்று வாயால் சொல்லி, பகடையை உருட்டி ஆடுகிற விளையாட்டு ஒன்று உண்டு. அதற்கான விதிகள், வரைபடங்கள், ஆட்கள், ஆபத்துகள் எல்லாம் அடங்கிய புத்தகம். பெயர் 'கணவாய்'. கம்பம் மெட்டு மலைப்பாதையில் ஏறுகிற ஜீப்காரன், கோடை மழையில் மாட்டிக்கொண்ட சர்வேயர், தோட்டத்துக் கூலிக்காரி, வழி தவறிய கல்யாண வீட்டுச் சமையல்காரன் என்று யாராக வேண்டுமானாலும் ஆடலாம். இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம். அச்சுப் போட வழியில்லாததால், போனிலும் கம்ப்யூட்டரிலும் படிக்கிற பிடிஎஃப் ஆகவே வெளியிட்டான். எழுதி முடிக்க முழுசாக மூன்று வருடம் ஆனது. அதற்காக மச்சினன் பாண்டீஸ்வரனின் உரக்கடையில் பார்த்துக்கொண்டிருந்த வேலையையும் விட்டிருந்தான்.

பெண்டாட்டி ஜோதிலட்சுமி அரசாங்க ஆஸ்பத்திரியில் நர்ஸ். பொறுமைசாலிதான். ஆனால் பொறுமைக்கும் ஒரு தேதி குறித்து வைத்திருந்தாள்.

"இந்த மார்ச்சு முடியிற வரைக்கும் பாருங்க. அதுக்குள்ள இது ஒரு பொழப்புன்னு தெரிஞ்சா சரி, அடுத்த புஸ்தகத்த எழுதுங்க, நான் எதுக்கு வேணாங்கப்போறேன்? இல்லேன்னா ஏப்ரல் ஒண்ணாந்தேதி என் தம்பி கடைக்குக் கெளம்பிருங்க. ரெண்டு புள்ளைகளையும் வச்சுக்கிட்டு ஒத்தச் சம்பளத்துல முடியலங்க."

அவள் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை.

விலையை அவன் சும்மா வைக்கவில்லை. இந்த மாதிரிப் புத்தகம் போடுகிற சின்னச் சின்ன ஆட்கள் எந்தெந்த ஊரில் என்ன விலைக்கு விற்கிறார்கள் என்று இரண்டு மாதம் உட்கார்ந்து பார்த்தான். நூறு ரூபாய்க்குக் கீழே வைத்தால் வாங்கியவனே திறந்து பார்ப்பதில்லை. ஐந்நூறுக்கு மேலே போனால் ஆடுகிற ஐந்து பேரும் சேர்ந்து ஒரே ஒரு பிரதி வாங்கிக்கொள்கிறார்கள். காகிதம் இல்லையே என்று பாதி விலை வைத்தால், எழுதியவன் வேலைக்கே பாதி விலை என்று ஆகிவிடுகிறது. எல்லாவற்றையும் யோசித்து இருநூற்று நாற்பத்தொன்பது என்று வைத்தான். தனக்கும் நியாயம், வாங்குகிறவனுக்கும் நியாயம் என்று பட்டது.

நவம்பரில் கோயம்புத்தூரிலிருந்து ஒரு கடிதம் வந்தது. பள்ளிக்கூட வாத்தியார்களுக்குப் பயிற்சி கொடுக்கிற நிறுவனம். வகுப்பில் பிள்ளைகளைப் பேச வைக்க 'கணவாய்' நல்ல கருவி, நானூறு பிரதி வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். சுருளிராஜன் அதை நாலு தடவை படித்தான். ஐந்தாவது தடவைதான் கடைசி வரி கண்ணில் பட்டது. 'பதிவு பெற்ற வெளியீட்டாளர் சங்கத்திடமிருந்து விலைச் சான்றிதழ் பெற்று மார்ச் 31க்குள் சமர்ப்பிக்கவும்.'

அப்படி ஒரு சங்கம் தேனியில் இருக்கத்தான் செய்தது. ஒரு பலசரக்குக் கடையின் மாடியில், 'மாவட்டச் சிறு வெளியீட்டாளர் நலம் மற்றும் விலை நிர்ணயச் சங்கம்' என்று போர்டு வைத்திருந்தார்கள். உறுப்பினர்கள் இருபத்திரண்டு பேர். கல்யாணப் பத்திரிகை அடிப்பவர்கள், தினசரிக் காலண்டர் போடுபவர்கள், பில் புக் அடிப்பவர்கள், கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடிப்பவர்கள். புத்தகம் போடுகிறவர் ஒருத்தர்கூட இல்லை. அது ஒரு குறையாக அங்கே யாருக்கும் தோன்றியதும் இல்லை.

தலைவர் பலவேசம் போடியில் ஏலக்காய் வியாபாரி. மூட்டையில் ஒட்டுகிற லேபிளை அச்சடித்த வகையில் அவரும் வெளியீட்டாளர் ஆகியிருந்தார். காய் ஏலத்தில் முப்பத்தைந்து வருஷம் உட்கார்ந்தவர். சங்கம் ஆரம்பித்தபோது விலை வைக்கத் தெரிந்த ஒரே ஆள் அவர்தான் என்பதால், காய்க்கு என்ன விதிமுறையோ அதையே சங்கத்துக்கும் எடுத்துக்கொண்டார்கள். 'காய்' என்று இருந்த இடத்தில் எல்லாம் 'நூல்' என்று மாற்றினார்கள். அந்த வகையில், பச்சை நிறம் மங்கிய நூல் தரம் குறைந்ததாகக் கருதப்படும் என்பது ஏழாவது விதி. வண்டு விழுந்த நூல் ஏலத்தில் சேர்க்கப்பட மாட்டாது என்பது எட்டாவது.

டிசம்பர் இரண்டாம் சனிக்கிழமை கூட்டத்துக்கு சுருளிராஜன் இஸ்திரி போட்ட சட்டையும் லேப்டாப்புமாகப் போனான். ஆட்டம் எப்படி, விலை ஏன் இருநூற்று நாற்பத்தொன்பது என்று பத்து நிமிஷம் விளக்கினான். எல்லாரும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். செயலாளர் தங்கப்பாண்டியன் எழுந்தார். கல்யாணப் பத்திரிகை அடிக்கிறவர், அதனால் வாயைத் திறந்தாலே 'நிகழும் மங்களகரமான' என்று தொடங்குவார் போல இருக்கும்.

"தம்பி அருமையாப் பேசுனாக. ஆனா விதின்னு ஒண்ணு இருக்கு. உறுப்பினர் இருபத்திரண்டு பேருக்கும் சாம்பிள் கொடுத்தாத்தான் வெலைக்கு எடுப்போம்."

"அதுக்கென்ன சார், முன்னுரையும் மொத அத்தியாயமும் அனுப்பி வைக்கிறேன். பதினஞ்சு பக்கம்."

பலவேசம் சிரித்தார். கோபமில்லாத சிரிப்புதான்.

"ஏப்பா, மூடைய அவுத்துச் சாம்பிள் அள்ளுறோம். அதுல ஒவ்வொரு காயும் முழுக்காயா இருக்குமா, பாதிக்காயா இருக்குமா?"

"முழுக்காயாத்தான் இருக்கும் அண்ணாச்சி."

"அப்பப் பதினஞ்சு பக்கம்கிறது என்னா? காய வெட்டி ஒரு தோலக் குடுத்துட்டு வெல சொல்லுங்கற மாதிரில்ல இருக்கு. முழுசா அனுப்பு. நாங்க நாலு பேரு கையில பெரட்டிப் பாத்தாத்தான் ஒன் சரக்குக்கு ஒரு மருவாத."

மூட்டையிலிருந்து ஒரு கை அள்ளினால் மூட்டையில் மிச்சம் இருக்கும், இதில் ஒரு பிரதி கொடுத்தால் மூட்டையே போன மாதிரி என்று சுருளிராஜன் எவ்வளவோ எடுத்துச் சொன்னான். கொடுத்தபிறகும் உன்னிடம் இருக்குமா என்று கேட்டார்கள். இருக்கும் என்றான். அப்புறம் என்னய்யா உனக்குக் கேடு என்று இருபத்திரண்டு பேரும் ஒரே குரலில் கேட்டார்கள். அதற்கு அவனிடம் பதில் இருந்தது, ஆனால் அந்த மாடியில் எடுபடுகிற பதில் இல்லை. மார்ச்சு வேறு கண் முன்னால் நின்றது. வேறு வழியில்லாமல் அன்று சாயங்காலமே இருபத்திரண்டு வாட்ஸ்அப் எண்ணுக்கும் முழுப் புத்தகத்தை அனுப்பினான். 'தயவுசெய்து யாருக்கும் அனுப்ப வேண்டாம்' என்று கீழே எழுதினான். இருபத்திரண்டு பேரும் கும்பிடு போட்டுப் பதில் அனுப்பினார்கள்.

ஜனவரிக் கூட்டம் தரம் பிரிப்பதற்கு. காயைச் சல்லடையில் போட்டு எட்டு மில்லிமீட்டருக்கு மேலே நின்றால் பெருவெட்டு, அதற்குக் கீழே நடுவெட்டு, இன்னும் கீழே பொடி என்று பிரிப்பது வழக்கம். நூலுக்கு எதைச் சலிப்பது என்று அரை மணி நேரம் விவாதித்து, எழுத்தை அளப்பது என்று தீர்மானம் போட்டார்கள். ஆளுக்கொரு ஸ்கேலை எடுத்து அவரவர் போன்மேல் வைத்தார்கள்.

காலண்டர் போடுகிற கிருபாவதி அம்மாள் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, விரலால் திரையை விரித்து விரித்துப் பார்த்தார். "பதினோரு மில்லி! அம்மாடி, என்னா தெரட்சியான எழுத்து!" என்று சந்தோஷப்பட்டார். பக்கத்தில் தங்கப்பாண்டியன் விரிக்கத் தெரியாமல் அளந்து ஒன்றரை மில்லி என்றார். ஒரே புத்தகம் ஒருத்தர் கையில் பெருவெட்டாகவும் இன்னொருத்தர் கையில் பொடியாகவும் இருக்கிறதே, கலப்படம் நடந்திருக்கிறதா என்று சபையில் சந்தேகம் எழுந்தது. போனில் எழுத்தை யார் வேண்டுமானாலும் பெரிதாக்கலாம் என்று சுருளிராஜன் விளக்கப் போக, அது இன்னும் மோசமாகப் போய்விட்டது.

"அப்ப தம்பியே ஒத்துக்கிட்டாக, தரம் நெலையில்லாத சரக்குன்னு. குறிப்புல எழுதிக்குங்க," என்றார் தங்கப்பாண்டியன்.

அடுத்தது ஈரப்பதம். அதில் கிருபாவதி அம்மாள் நிபுணர். புத்தகத்தில் வெற்றிடமாக இருக்கிற பக்கமெல்லாம் காயாத பக்கம் என்பது அவர் கொள்கை. காலண்டரில் ஒரு தாளைக்கூட அவர் சும்மா விட்டதில்லை, ராகு காலம் இல்லாத மூலையில் ஊதுபத்தி விளம்பரம் இருக்கும். 'கணவாய்' கடைசியில், ஆடுகிறவர்கள் தங்கள் பாத்திரத்தின் பெயர், பலம், பயம் எல்லாம் எழுதிக்கொள்ள முப்பத்தாறு பக்கம் கோடு போட்டு விடப்பட்டிருந்தது.

"வெறும் பக்கத்துக்கு வெலையா? இது என்னப்பா அநியாயமா இருக்கு? வாங்குறவனே எழுதணும்னா ஒனக்கு எதுக்கு அவன் காசு குடுக்கணும்?"

"அம்மா, அதுலதான் ஆட்டமே இருக்கு. அவுக அவுக ஆள அவுக அவுகளே உண்டாக்கணும்."

"அத ஒரு நோட்டுல உண்டாக்கட்டும். நோட்டு எங்க கடையிலயே இருக்கு, பன்னெண்டு ரூவா."

ஈரக் கழிவு பதினேழு சதவீதம் என்று எழுதிக்கொண்டார்கள்.

அந்த மாதக் கடைசியில் சுருளிராஜனுக்கு ஒரு போன் வந்தது. லோயர் கேம்ப்பிலிருந்து யாரோ ஒருத்தர், முன்பின் தெரியாதவர்.

"சார், கணவாய் எழுதுனது நீங்கதான? நாங்க குவார்ட்டர்ஸ்ல அஞ்சு பேரு ஆடிக்கிட்டிருக்கோம். ஜீப்பு பாலத்துல நிக்கிது, கீழ தண்ணி ஏறுது. இங்கன ஒருத்தன் குதிக்கப்போறேங்கான். குதிச்சா எத்தன பகடை சார்?"

"மூணு பகடை. ஏதாவது ஒண்ணுல ஆறு விழுந்தாத்தான் கரை. அண்ணே, புஸ்தகம் எங்கன கெடச்சுது?"

"குரூப்புல வந்துச்சு சார். ஃபர்ஸ்ட் கிளாஸ் ஆட்டம் சார்!"

அதற்கப்புறம் மயிலாடும்பாறையிலிருந்து பால் சொசைட்டிக்காரர்கள் கூப்பிட்டார்கள். ஜெயமங்கலத்திலிருந்து ஒரு டியூஷன் சென்டர் கூப்பிட்டது. குமுளிக்கு அந்தப் பக்கமிருந்து ஒருத்தர் பாதி மலையாளத்தில் கூப்பிட்டு, ஆட்டம் அடிபொளி என்று சொல்லிவிட்டு வைத்தார். தான் எழுதிய விதியை ஊர் ஊராக மனுஷர்கள் ஆடுகிறார்கள் என்பதில் அவனுக்கு நெஞ்சு நிறைந்து போனது. ஒருத்தரும் ஒரு ரூபாய் கொடுக்கவில்லை என்பதில் அடுத்த நிமிஷமே நெஞ்சு வற்றியது. இரண்டையும் சேர்த்து எப்படி அனுபவிப்பதென்று தெரியாமல் முற்றத்தில் நின்றான்.

பிப்ரவரிக் கூட்டத்தில் தங்கப்பாண்டியன் வரத்து நிலவரம் வாசித்தார், எந்த ஊரில் எத்தனை பிரதி போய்ச் சேர்ந்திருக்கிறது என்று. லோயர் கேம்ப் நாற்பத்தாறு, ஜெயமங்கலம் நூற்றுப் பதினெட்டு, மயிலாடும்பாறை எழுபது, கம்பம், கூடலூர், சின்னமனூர் சேர்த்து மூவாயிரத்து நானூற்றுச் சொச்சம். மொத்த வரத்து மூவாயிரத்து எழுநூறு.

"வரத்து கூடிப்போச்சு. சந்தையில கொட்டிக் கெடக்குற சரக்குக்கு வெல எறங்கத்தான் செய்யும். இன்னைய நெலவரத்துக்குப் பதினோரு ரூவாதான் சொல்ல முடியும். அதுலயும் ஈரக் கழிவு போகணும்."

"சார், அத்தனையும் நான் ஒங்களுக்குக் குடுத்த சாம்பிள் சார்!" சுருளிராஜன் எழுந்தே விட்டான். "நீங்க இருபத்திரண்டு பேரும் அனுப்பித்தான மூவாயிரத்தி எழுநூறு ஆச்சு?"

"பின்ன? சங்கத்து ஆளுக மூலமா வந்த வரத்துதான். வெளியாளு எவனும் இதுல கை வைக்கல, அத நாங்க பொறுப்பாப் பாத்துக்கிட்டோம்." தங்கப்பாண்டியனுக்கு அதில் ஒரு பெருமைகூட இருந்தது. "நான் எல்லாம் படிக்க வசதியா பிரிண்ட் எடுத்து ஸ்பைரல் போட்டு வச்சிருக்கேன் தம்பி. அதுக்கே முந்நூத்தி எண்பது ரூவா ஆச்சு. அந்தச் செலவ ஒங்ககிட்டக் கேட்டமா?"

கேட்கவில்லைதான். சுருளிராஜன் அதை ஒத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

மார்ச்சு இரண்டாம் சனிக்கிழமை ஜோதிலட்சுமியும் கூட வந்தாள். ட்யூட்டி முடிந்து நேரே பஸ் ஏறியவள், யூனிஃபார்மைக்கூட மாற்றவில்லை. புருஷன் எழுந்து திரும்பவும் முதலிலிருந்து விளக்க ஆரம்பித்ததும், அவன் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"அண்ணாச்சி, எனக்கு இந்த ஆட்டமும் தெரியாது, ஒங்க சல்லடையும் தெரியாது. இந்த மனுசன் மூணு வருசம் ஒரு கல்யாணம் காச்சிக்குப் போகல. புள்ளைகளுக்குக் காச்சல் அடிச்சப்பக்கூட ஒரு கையில துணிய நனைச்சுப் போட்டுக்கிட்டு ஒரு கையில எழுதுனாரு. அவருக்கு அதுல ஒரு பைத்தியம். அந்தப் பைத்தியத்துக்குப் பதினோரு ரூவாயா வெல வைப்பீக? நீங்க அடிக்கிற கல்யாணப் பத்திரிகையே ஒண்ணு முப்பது ரூவாயாமே?"

பலவேசம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இளகின மனசுதான் அவருக்கு. அதை அவரே எழுந்து சபைக்குச் சொன்னார்.

"நம்ம மாடியில வந்து ஒரு பொம்பளப்புள்ள கண்ணு கலங்கிட்டுப் போகக்கூடாது. சங்கம்னு ஒண்ணு எதுக்கு இருக்கு? முப்பத்தஞ்சு வருசமா நான் வெல வச்சிருக்கேன், எத்தனையோ பேரு எறக்கச் சொன்னாக, எத்தனையோ பேரு ஏத்தச் சொன்னாக, நான் அசஞ்சதில்ல. இன்னைக்கு அசையிறேன். தரமும் பாக்கல, ஈரமும் பாக்கல, வரத்தும் பாக்கல. தம்பி கேட்ட வெல எவ்வளவு?"

"இருநூத்தி நாப்பத்தொம்பது அண்ணாச்சி."

"எழுதுய்யா! இருநூத்தி நாப்பத்தொம்பது! ஒரு ரூவா கொறையக்கூடாது. சான்றிதழ நீங்க அலைய வேணாம், சங்கமே நேரா கோயம்புத்தூருக்கு அனுப்பிரும்."

கைதட்டல் காதைப் பிளந்தது. கிருபாவதி அம்மாள் ஜோதிலட்சுமியைக் கட்டிக்கொண்டு ஒரு காலண்டர் கொடுத்தார். புருஷனும் பெண்டாட்டியும் இறங்கி வந்து, தேனியிலேயே புரோட்டா சாப்பிட்டுவிட்டு, பிள்ளைகளுக்கு இரண்டு பொட்டலம் கட்டிக்கொண்டு கம்பம் பஸ்ஸில் ஏறினார்கள். ஜன்னலோரம் உட்கார்ந்த ஜோதிலட்சுமி, "அடுத்த புஸ்தகம் எதப் பத்திங்க?" என்று கேட்டாள். மூன்று வருஷத்தில் அவள் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை. சின்னமனூர் தாண்டுகிறவரை அவன் சொல்லிக்கொண்டே வந்தான்.

மார்ச்சு முப்பதாம் தேதி மத்தியானம் கோயம்புத்தூரிலிருந்து போனுக்குப் பதில் வந்தது. மரியாதையான கடிதம். சுருளிராஜன் சத்தமாகவே படித்தான்.

'தங்கள் நூலுக்கான விலைச் சான்றிதழ் உரிய காலத்தில் கிடைத்தது. ரூ. 249 மிகவும் நியாயமான விலை என எங்கள் கொள்முதல் பிரிவு கருதுகிறது. சங்கம் தனது விதிமுறைப்படி சான்றிதழுடன் இணைத்து அனுப்பியிருந்த சாம்பிளை எங்கள் நானூறு ஆசிரியர்களுக்கும் அனுப்பி வைத்துள்ளோம். அனைவரும் ஆர்வத்துடன் ஆடி வருகிறார்கள். எனவே நூலைக் கொள்முதல் செய்யும் தேவை எழவில்லை என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம். தங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி.'

கடிதத்தை ஜோதிலட்சுமியும் ஒரு தடவை வாங்கிப் படித்துவிட்டு, போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

அவன் பலவேசத்தைக் கூப்பிட்டான். திட்டத்தான் கூப்பிட்டான். ஆனால் வாய் திறப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

"என்னப்பா, சான்றிதழ் போய்ச் சேந்துச்சா? கோயம்புத்தூர்க்காரன் என்னா சொன்னான்?"

"நியாயமான வெலைன்னு சொல்லிட்டாக அண்ணாச்சி. ஆனா வாங்கல. நீங்க அனுப்புன சாம்பிளே அவுகளுக்குப் போதுமாம்."

"சொன்னேன்ல, நியாயமான வெலன்னு!" அவர் குரலில் அப்படி ஒரு பூரிப்பு. "மாவட்டத்துலயே இன்னைக்கு ஒன் சரக்குதான்ப்பா ஒசந்த வெல. இருநூத்தி நாப்பத்தொம்பது! அசையாம நிக்கிதுல்ல?"

"ஒரு பிரதி விக்கலையே அண்ணாச்சி."

"ஏப்பா, விக்கிறது சங்கத்து வேலையா? வெல வைக்கிறது எங்க வேலை. அத வச்சுக் குடுத்துட்டோம். சாம்பிளுக்குப் போயி எவனாச்சும் காசு கேப்பானா? சபையில சிரிப்பாக. நீ அடுத்தத எழுது, மொத ஆளா சாம்பிள எனக்கு அனுப்பு. இதவிட ஒசத்தி வைக்கிறேன் பாரு."

சரிங்க அண்ணாச்சி என்று சொல்லித்தான் அவன் போனை வைத்தான். ஏன் அப்படிச் சொன்னோம் என்று அவனுக்கே விளங்கவில்லை. நாலு மாதமாகச் சொல்லிச் சொல்லி நாக்குப் பழகிவிட்டது போல.

அடுக்களையில் ஜோதிலட்சுமி பாத்திரத்தை உருட்டுகிற சத்தம் வழக்கத்தைவிட மெதுவாகக் கேட்டது. ஏப்ரல் ஒன்றாம் தேதியைப் பற்றி அவள் கேட்காமலே இருந்ததுதான் அவனுக்குத் தாங்கவில்லை. கடைசியில் மச்சினன் பாண்டீஸ்வரன் எண்ணைத் தேடி அழுத்தினான்.

"மாப்ள, நாளன்னைக்குக் கடைய எத்தன மணிக்குத் தொறக்குற?"

"எட்டரைக்கு மச்சான்," என்றான் பாண்டீஸ்வரன். அப்புறம் தயங்கித் தயங்கி, "மச்சான், தப்பா எடுத்துக்கிறாதீக. ஒங்க புஸ்தகத்த வாங்கணும்னு நெனச்சுக்கிட்டே இருந்தேன். இப்பப் பணம் அனுப்பவா? எவ்வளவு?"

சுருளிராஜன் வாயைத் திறந்தான். தொகை வாய்வரை வந்துவிட்டது. சொல்ல முடியவில்லை.

"ஒனக்கு எதுக்கு மாப்ள," என்றான். "சும்மா அனுப்பி வைக்கிறேன்."